இன்னைக்கு யாரு முறை, மதினி?

ஒரே கம்பளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்து என்னோடு சண்டை போட்ட என் ஈஸ்வரி மதினிக்கு,

முதலில் நல்ல சேதி. டிஸ்கஸ்டிங் குட்டி போட்டிருக்கிறது. குட்டி அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. பதெடிக் இப்போதும் சமையலறை விறகின் மேல்தான் தூங்குகிறது. நன்றாக உடம்பு வைத்துவிட்டது. யூஸ்லெஸ்ஸை ஒருவழியாகக் கழற்றி வெளியே போட்டார்கள். புதிதாக ஒன்றை மாட்டினார்கள். அதுவும் மறுநாளே பச்சைத் தண்ணீரை விட்டதால் பேர் மாற்றுகிற வேலை மிச்சம்.

நீங்கள் போன பிறகு ஒரு பூண்டு வெள்ளாமை முடிந்துவிட்டது. மேல்மலையில் அண்ணன் தனியாகவே விதை ஊன்றி, தனியாகவே பிடுங்கினான். மோட்டார் ஓடாத அன்று அதை எட்டி உதைத்துவிட்டு "இர்ரெஸ்பான்சிபிள்" என்றானாம். அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மதினி, இந்தக் கடிதத்தை இன்னும் சிலரும் படிப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். நீங்கள் அதுவரைக்கும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பூண்டு விலை படுத்துப்போன வருஷம் நானும் என் அண்ணன் மனைவி ஈஸ்வரியும் மேல்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தோம். செண்பகனூரில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு வட்டக்கானலில் ஒரு காட்டேஜில் சேர்ந்தோம். ஓனர் சென்னையில் இருப்பார். நான் முன்னால் மேசையில் உட்கார்ந்து புக்கிங் பார்ப்பேன். மதினி அறைகளைச் சுத்தம் செய்வார். ஜெயா துணி துவைப்பாள். பால்சாமி அண்ணன் சமையல். ஆக மொத்தம் நாலு பேர். நான் இங்கிலீஷ் பி.ஏ. மற்ற மூவருக்கும் இங்கிலீஷ் வந்தது, வருகிறவர்கள் திட்டித் திட்டி.

நிஜமாகத்தான். வட்டக்கானலில் ஒருவருக்கு ஒழுங்காகத் திட்டு விழுந்தால் ஒரு சீசனுக்குள் இங்கிலீஷ் வந்துவிடும். நல்ல வார்த்தைகள் பின்னாடி வரும், வந்தால்.

நான் காலேஜில் கண்டனத்துக்கு எத்தனை இங்கிலீஷ் வார்த்தை உண்டோ அத்தனையும் மனப்பாடம் செய்தவள். ரெப்யூக், சென்ஷர், டினவுன்ஸ், கண்டம்ன். ஒரே கேள்விக்கு எல்லாவற்றையும் எழுதினால் முழு மார்க். இங்கே வந்து பார்த்தால் அதில் ஒன்றுகூட வெளியே நடமாடவில்லை. யாரும் யாரையும் ரெப்யூக் செய்யவில்லை. புருவத்தைத் தூக்கி "சீரியஸ்லி?" என்றார்கள். அதையும் ஒரு திட்டு என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு வெகுநாள் ஆனது.

எங்கம்மா திட்டினால் அதில் ஆள் இருப்பார்கள். "மூதேவி, மாடு கணக்கா நிக்கிறியே" என்றால் அதில் நான் இருக்கிறேன், மாடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள். நானும் திருப்பி ஒன்று சொல்லலாம். சொன்ன பிறகும் சோறு போடுவாள். இங்கிலீஷ் திட்டில் அப்படி யாரும் குடியிருப்பதில்லை. "திஸ் இஸ் அன்அக்செப்டபிள்." எது? யாருக்கு? ஏன்? கேட்க முடியாது. ஒரு கெட்ட வார்த்தைகூட அதில் இருக்காது, குரல்கூட உயராது. "ஐ ஆம் வெரி டிஸப்பாயின்டட் இன் யூ" என்று ஒரு அம்மாள் மதினியிடம் சொன்னார். முன்னே பின்னே பார்த்திராத ஈஸ்வரியிடம் அவர் எதை எதிர்பார்த்து ஏமாந்தார்? ரொட்டி ஆறிப்போயிருந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திட்டுகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். காரிலிருந்து இறங்கும்போது டிரைவரிடம் நல்ல தமிழில் பேசுவார்கள். சாப்பாடு கேட்பதும் தமிழில். திட்டுவதற்கு மட்டும் இங்கிலீஷை எடுப்பார்கள், விசேஷத்துக்கு பீரோவிலிருந்து பட்டுச்சேலை எடுக்கிற மாதிரி.

மதினி, டீ குடித்தாயிற்றா? இந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும், வாருங்கள்.

அப்போதெல்லாம் எல்லாத் திட்டும் ஜெயாமேல்தான் விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து நடப்பாள், கூப்பிட்டால் உடனே வருவாள், பதில் பேச மாட்டாள். யார் எதைக் கொட்டினாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை நீங்கள் இழுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தீர்கள்.

"ஏன் பால்சாமிண்ணே, நம்ம ஊருல தண்ணிக்கு முறை இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"ஊத்துத் தண்ணி ஒருத்தன் பாத்திக்கே போனா மத்தவன் பூண்டு காஞ்சுரும், அவன் பூண்டு அழுகிரும். அதுக்குத்தான முறை வெச்சுருக்கோம். இந்தப் புள்ள பாத்திக்கே எல்லாத் திட்டும் பாஞ்சுக்கிட்டு கெடக்கு. அழுகிப் போவாளா மாட்டாளா? திட்டுக்கும் முறை வெப்போம்ணே."

பால்சாமி அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு வேற சோலியே இல்லியா ஈஸ்வரி" என்றார். மறுநாள் முதல் ஆளாக அவர்தான் போய் நின்றார். ஒரு தேனிலவுப் பையன் காபியில் ஆடை மிதக்கிறது என்று அவரை "ரிடிகுலஸ்" என்று சொன்னான். அண்ணன் அதைத் திருவிழாவில் வாங்கிய பொரி மாதிரி பத்திரமாகச் சமையலறைக்குக் கொண்டுவந்தார்.

அப்படித்தான் முறை வந்தது. யார் செய்த தப்பாக இருந்தாலும், தப்பே இல்லாவிட்டாலும், அன்றைக்கு முறைக்காரர் யாரோ அவர் முன்னால் போக வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்து "சாரி மேம், மை மிஸ்டேக்" என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் பால்சாமி அண்ணன் இஞ்சி தட்டிப் போட்டு, ஏடு மிதக்க ஒரு டீ தருவார். அதற்குத் திட்டு டீ என்று பெயர். குடித்தபடியே அன்றைக்குக் கிடைத்த புது வார்த்தையை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். நான் அர்த்தம் சொல்வேன். பிறகு அந்த வார்த்தைக்குப் பொருத்தமான ஆளைத் தேடுவோம்.

ஜன்னல் வழியாகக் கை விட்டுக் கேக் எடுக்கும் பெண் குரங்குக்கு டிஸ்கஸ்டிங். எலியைப் பார்த்து ஓடும் சாம்பல் பூனைக்குப் பதெடிக். இரண்டாம் நம்பர் அறையின் வெந்நீர்ப் பெட்டிக்கு யூஸ்லெஸ். வண்டி வருகிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடக்கும் காட்டுமாட்டுக்கு இர்ரெஸ்பான்சிபிள். எங்கள்மேல் எறிந்ததை எல்லாம் நாங்கள் பேர்ச் சீட்டாக்கி ஒட்டிவிட்டோம். பிறகு யாராவது "டிஸ்கஸ்டிங்" என்று கத்தினால் ஜெயா அனிச்சையாகக் கூரையைப் பார்ப்பாள். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டம்.

சனிக்கிழமைதான் கூட்டம், திட்டும் அன்றுதான் அதிகம். அந்த நாளை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். ஞாயிறு, எல்லாரும் கிளம்புகிற நாள், ஜெயாவுக்கு. "கெளம்புற அவசரத்துல வெரசா திட்டிட்டுப் போயிருவாங்க, பயப்படாத" என்று அவளுக்குச் சொன்னீர்கள்.

ஊருக்குப் போனால் நம்முடைய ஆட்டம் வேறு. நாத்தனாரும் மதினியும் எப்போது முடியைப் பிடிப்பார்கள் என்று தெருவே காத்திருந்தது. நாமும் பிடித்தோம். புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்று நான் சொன்னேன். "ஹவ் டேர் யூ" என்றீர்கள். "திஸ் இஸ் டோட்டலி அன்ப்ரொஃபஷனல்" என்றேன். "ஷேம் ஆன் யூ" என்று அகப்பையை ஓங்கினீர்கள். அம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்: "எம் மருமகளும் மகளும் இங்கிலீசுலதான் கொஞ்சிக்கிறாளுக. பாக்கவே நல்லாருக்கு."

நினைத்துப் பார்த்தால், அம்மா தப்பாகச் சொல்லவில்லை.

இனி நீங்கள் இல்லாத பகுதி. ஒன்றை வெரசாகச் சொல்லிவிட்டுத் தாண்டுகிறேன், அதில் நிற்க எனக்குப் பிடிக்காது. ஒரு சீசன் சனிக்கிழமை உங்களுக்கு நெஞ்சு அடைத்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். காட் ரோட்டில் மேலே வருகிற வண்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. நாம் போன ஜீப் இறங்க வழி இல்லை. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தோம். ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. "மேனர்லெஸ் பீப்பிள்" என்று ஒரு குரல் சொன்னது. கண்ணாடி ஏறிக்கொண்டது. என் மடியில் கிடந்த நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"இன்னைக்கு யாரு முறை, பவி?"

"என் முறைதான் மதினி. நீங்க படுங்க."

வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தோம், நீங்கள் சேரவில்லை. ஓனர் போனில் "வெரி அன்ஃபார்ச்சுனேட்" என்றார். ரொட்டி ஆறினால் அன்அக்செப்டபிள். ஒரு மனுஷி ரோட்டில் செத்தால் அன்ஃபார்ச்சுனேட். முன்னதில் குற்றவாளி உண்டு, பின்னதில் இல்லை. இத்தனை கார்களை ஒரே நாளில் மலைக்கு மேலே யார் விட்டது, ஒரு ஜீப் இறங்க வழி வைக்க வேண்டாமா என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். யாரும் "என் முறை" என்று முன்னால் வரவில்லை. சரி, தாண்டிவிட்டேன்.

நீங்கள் போன பிறகும் சனிக்கிழமை உங்களுடையதாகவே இருந்தது. யாருக்கும் அதை எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. சனிக்கிழமை யாராவது கத்தினால் பால்சாமி அண்ணன் பவ்யமாகப் போய், "ஈஸ்வரியம்மா லீவுங்க, வந்ததும் கேட்டுச் சொல்றேங்க" என்பார். கத்தியவர்களும் அடங்கிவிடுவார்கள். திட்டு டீயை ஒரு டம்ளரில் ஊற்றி ஜன்னலோரம் வைப்போம். ஆறிய பிறகு பதெடிக் வந்து அதில் மூக்கை வைக்கும். நாங்கள் அழுததாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சிரித்தோம்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

இந்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்புகிற நேரம். ஒரு குடும்பம். மேகம் அறைக்குள் வருகிற மாதிரி போட்டோ வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். திறக்கக் கூடாது என்று குரங்குப் படம் போட்டு எழுதியே வைத்திருக்கிறோம். டிஸ்கஸ்டிங், வயிற்றில் தொங்கும் குட்டியோடு, கட்டில்மேல் கிடந்த ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குள்தான் கார் சாவி.

அந்த மேடம் போட்ட சத்தத்தில் துவைக்கிற இடத்திலிருந்து ஜெயா ஓடிவந்தாள். அவள் முறை. கையில் சோப்பு நுரைகூடப் போகவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. தலையைச் சாய்த்து, நாம் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னாள்: "சாரி மேம். மை மிஸ்டேக் மேம்."

மேடம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வேறு வண்டி பிடித்துப் போனார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவோடு நெட்டில் ஒரு விமரிசனம் வந்துவிட்டது. அப்பாலிங், நெக்லிஜென்ஸ், வேலைக்காரி தானே ஒத்துக்கொண்டாள். ஓனர் கூப்பிட்டார்.

"பவித்ரா, அந்தப் பொண்ணை நாளைக்கே அனுப்பிடு."

"சார், ஜன்னலத் தொறந்தது அவங்க வீட்டுக்காரர் சார். ஜெயா அங்க இல்லவே இல்ல."

"அப்ப எதுக்கு சாரி சொன்னா? மை மிஸ்டேக்னு வேற சொல்றா. வீடியோ பாத்தியா இல்லியா?"

மதினி, அன்றைக்கு அவள் முறை என்று எப்படிச் சொல்வேன்? பூண்டுப் பாத்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவு நேரம் அவர் போனைப் பிடித்திருக்க மாட்டார். நம் வீட்டில் சாரி என்பது மழைக்கு விரிக்கிற குடை. அவர்கள் ஊரில் அது வாக்குமூலம். இத்தனை வார்த்தைக்கு அர்த்தம் சொன்ன நான் அந்த ஒரு வார்த்தைக்குச் சொல்லவில்லை.

"நீ பதில் போடு. ஊழியரின் அலட்சியத்தை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம், வேலையை விட்டு நீக்கிவிட்டோம்னு. நல்ல இங்கிலீஷா எழுது. ஸ்ட்ராங்க்லி கண்டம்ன், அது வரணும்" என்றார்.

கடைசியில் கண்டம்ன் வட்டக்கானலுக்கு வந்துவிட்டது. மார்க்குக்காகப் படித்த வார்த்தை. நாடுகள் நாடுகளைச் சொல்லும் வார்த்தை. அதைத் துணி துவைக்கிறவள்மேல், ஒரு குரங்கு செய்த காரியத்துக்காக, நான் என் கையால் எழுத வேண்டும். ஜெயா சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

நாலு பேர் இருந்த அடுப்படியில் மூன்று பேர் உட்கார்ந்தோம். பால்சாமி அண்ணன்தான் வழி சொன்னார்.

"ஈஸ்வரி பேரப் போட்டுரு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"வீடியோவுல மூஞ்சி தெளிவாவா தெரியுது? ஈஸ்வரின்னு ஒருத்தி, நீக்கியாச்சுன்னு எழுது. அந்தம்மாவுக்கும் சந்தோசம், ஓனருக்கும் வேண்டியது ஒரு பதில்தான, யாரு பேருன்னா பாக்கப் போறாரு. போனவளுக்கு வேல போகுமா? அவ இருந்தா அவளே சொல்லுவா."

சொல்வீர்களா, மதினி? நிச்சயம் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் அன்று தோன்றியது. சனிக்கிழமை தோறும் உங்கள் பேரைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம். இதுவும் அப்படி ஒன்று என்று மனசு பேசியது. நான் எழுந்தே விட்டேன்.

ஜெயா கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். கூப்பிட்டால் மட்டும் வருகிற ஜெயா.

"வேணாம் பவி. நான் போயிக்கிறேன். அவங்க பேர எழுதிட்டு நான் இங்க துணி தொவைச்சா, அந்தக் கல்லே என்னயப் பாக்கும்."

"போயி என்ன செய்வ? லூசு மாதிரி பேசாத" என்று அண்ணன் அதட்டினார்.

"லூசுதாண்ணே. இர்ரெஸ்பான்சிபிள்னு கூட வெச்சுக்கங்க" என்றாள். அழுகைக்கு நடுவில் அவளே சிரித்துவிட்டாள். நானும். அண்ணன் மட்டும் விறைப்பாக எழுந்து டீ போடப் போனார்.

நான் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். 'வி ஸ்ட்ராங்க்லி கண்டம்ன்' வரைக்கும் தட்டினேன். அதற்குப் பின்னால் ஒரு பேர் வர வேண்டும். ஜெயா வரக்கூடாது. ஈஸ்வரி என்று முதல் எழுத்தைத் தட்டியபோது காட் ரோட்டில் இறங்கி ஏறிய அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அன்றைக்கு உங்கள் சாவுக்கு எழுத ஒரு பேர் கிடைக்காதவர்களுக்கு, இன்றைக்கு ஒரு சாவிக்காக உங்கள் பேர் வேண்டுமாம். எல்லாவற்றையும் அழித்தேன். வேறு எழுதினேன். தமிழில் சொன்னால் இதுதான்:

'மேடம், சாவியை எடுத்தது குரங்கு. ஜன்னலைத் திறந்தது உங்கள் வீட்டுக்காரர். ஜெயா அப்போது துணி துவைத்துக்கொண்டிருந்தார். யாராவது கத்தினால் ஒருவர் போய் சாரி சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். அன்று அவர் முறை, அதனால் சொன்னார். அந்தச் சாரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். கேட்காமல் அவரைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டியது அன்அக்செப்டபிள். வி ஆர் வெரி டிஸப்பாயின்டட் இன் யூ.'

கடைசி வரியைத் தட்டும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். விரல் நுனி வரைக்கும் சூடாக இருந்தது.

மறுநாள் வெள்ளனே ஓனர் கூப்பிட்டார். இர்ரெஸ்பான்சிபிள், ரிடிகுலஸ், ஹவ் டேர் யூ, எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னேன்.

"சார், இன்னைக்கு என் முறை இல்ல சார்."

"என்ன முறை? யாரு முறை?"

"யாரு முறையும் இல்ல சார். நிறுத்திட்டோம்."

பால்சாமி அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கினார். "வணக்கங்க. ஜெயா போனா நானும் அடுத்த பஸ்ஸுக்கு ஊருக்குக் கெளம்பிருவேங்க. பவியும் வருதாம். ரூம் பூராம் ஆளு இருக்கு, அடுப்பு ஆறிக் கெடக்கும். நீங்க வந்து ரொட்டி சுட்டுக்கங்க. அத ஆறாம சுடணும்ங்க, இல்லாட்டி திட்டுவாங்க."

கடைசியில் ஓனர், ஜெயா இருக்கட்டும் என்றார். என் பதிலை மட்டும் அழித்துவிட்டார். இனி விமரிசனங்களுக்கு அவரே பதில் எழுதுவாராம். எழுதட்டும். நாங்கள் எதையும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை, மதினி. ஒருத்தியின் வேலை போகாமல் இருந்தது. சம்பளம் அதேதான். கத்துகிறவர்கள் இன்னும் வருகிறார்கள்.

சாவியும் கிடைத்தது. பேரிக்காய் மரக் கவையில் அந்தப் பை மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சாவி பத்திரமாக இருந்தது. லிப்ஸ்டிக்கை மட்டும் டிஸ்கஸ்டிங் தின்றிருந்தது. வாயெல்லாம் சிவப்பாக, குட்டியை இடுக்கிக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்தது. "ஏலே, கல்யாணத்துக்கா கெளம்பிட்ட?" என்று அண்ணன் கேட்டார். காரை அதற்குள் மாற்றுச் சாவியோடு ஆள் வந்து எடுத்துப் போயிருந்ததால், இந்தச் சாவியைக் கூரியரில் அனுப்பிவிட்டுத் தகவல் சொன்னேன். மேடத்திடமிருந்து பதில் வந்தது: ஓகே. அவ்வளவுதான். இத்தனை வார்த்தை தெரிந்தவருக்கு சாரி மட்டும் தெரியாமல் போய்விட்டது.

இப்போது நம் காட்டேஜில் தப்புச் செய்தவர் மட்டும் சாரி சொல்கிறோம். நான் ஒரு புக்கிங்கை மாற்றிப் போட்டதற்கு நிஜமாகவே ஒரு பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பரவாயில்லம்மா என்றார். தப்பு இல்லாவிட்டால் நாலு பேருமாக, சரி, மூன்று பேருமாகப் போய்ப் பக்கத்தில் நிற்கிறோம். அழுதுகொண்டு ஒருத்தி மட்டும் நிற்பதில்லை.

போன வாரம் ஒரு அம்மாள், காலையிலிருந்து மேகமாக இருக்கிறது, பள்ளத்தாக்கே தெரியவில்லை, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஜெயாவைப் பிடித்துக்கொண்டார். ஜெயா நிமிர்ந்து, துண்டை அவர் கையில் கொடுத்து, "நாட் மை மிஸ்டேக் மேம்" என்றாள். அந்த அம்மாள் மேகத்தைப் பார்த்தார், ஜெயாவைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். திட்டு இல்லாமலே அன்று எல்லாருக்கும் டீ.

சனிக்கிழமை டீயை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் உங்கள் பேரைச் சொல்லி யாரையும் சமாளிப்பதில்லை. உங்கள் முறை முடிந்துவிட்டது.

ஜீப்பில் நீங்கள் கேட்டது ஒரு சனிக்கிழமை, மதினி. உங்கள் முறை. என் முறை என்று நான்தான் சொன்னேன். அதை இப்போது நிஜமாகவே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சாரி சொல்வதற்கு அல்ல. உங்களை அந்த ரோட்டில் நிறுத்தி வைத்தது யார் என்று ஒருவர் முன்னால் வந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். கொடைக்கானலில் கேட்பேன், பதில் வராவிட்டால் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் கேட்பேன். தமிழில் கேட்பேன், காது கேட்காதவர்களிடம் இங்கிலீஷில் கேட்பேன். வார்த்தைகளுக்கு எனக்குப் பஞ்சமில்லை. பாதி காலேஜ் கொடுத்தது, மீதி நீங்கள் டீயோடு கொடுத்தது.

இன்னைக்கு யாரு முறை என்று கேட்டுக்கொண்டே இருக்கப்போகிற,
உங்கள் நாத்தனார்
பவி